வீட்டு எக்ஸ்ப்ளோரரும் ஷகீல் பாயின் பேட்டர்னும்

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் மட்டும். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை, திரும்பாவிட்டால் காற்றே கிடையாது.

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோவதற்குக் காரணம் இன்று பிடிபட்டது. மூடியைக் கழற்றி மெமரிப் பலகையை உருவிப் பார்த்தேன். அடியில் வரிசையாக இருக்கும் பளபளப்பான பற்களின் ஓரமெல்லாம் கருமை. இந்த ஊர்க் காற்றில் கொலுசு கருப்பதைப் போலத்தான். கந்தக வாயு, உலோகம், சல்பைடு. வகுப்பில் வருடா வருடம் யாராவது ஒரு பெண்ணின் கொலுசைக் காட்டி நடத்திய பாடம். என் மேசைமேலேயே நடந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை. பென்சில் ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்துப் பொருத்தினேன். ஓடுகிறது.

ஆனால் நின்றிருந்த நாட்களில் பிட்காயின் பொதுக் கணக்கில் வந்த பிளாக்குகள் எல்லாம் பாக்கி. ஒவ்வொன்றாக இறக்கி, சரிபார்த்து, அடுக்கிக்கொண்டு வரும். வரட்டும். அவசரமில்லை.

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தபடி: "ஊர் உலகத்துல எவன் எவனுக்கு இன்னா அனுப்பனான்னு பாக்கறதுக்கு நாம எதுக்கும்மா கரண்டு பில்லு கட்டணும்? வாசல்ல சேர் போட்டு ஒக்காந்தா நம்ம தெரு கதை ஃப்ரீயா தெரியுமே."

சிரிப்பு வந்தது.

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, அவருக்குப் பிரஷர் மாத்திரை, கொத்தமல்லி, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் (பழையதன் முனை மழுங்கிவிட்டது).

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் முடிந்து வெளியே வரும்போது லீலா பிடித்துக்கொண்டாள். என்னோடு பள்ளியில் வேலை பார்த்தவள், கணக்கு டீச்சர். "டீச்சர், நீங்க பிட்காயின் யாவாரம் பண்றீங்களாமே. எங்க வீட்ல சொல்றாங்க."

வியாபாரம் எல்லாம் இல்லை. என்னிடம் இருப்பது பழகிப் பார்க்க வாங்கிய ஒரு துணுக்கு. நான் செய்வது பார்ப்பது மட்டும். எப்படிச் சொல்வது என்று யோசித்து ரிசல்ட் போர்டைச் சொன்னேன்.

"பப்ளிக் பரீட்சை ரிசல்ட் ஒட்டுவோமே, ஞாபகம் இருக்குதா? அது மாதிரி ஒரு போர்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தாள் புதுசா ஒட்டிக்கிட்டே இருப்பாங்க. ஒட்டினதை ஒருத்தராலயும் கிழிக்க முடியாது. மத்தவங்க எல்லாம் பியூனைக் கூப்பிட்டு, இந்த நம்பர் பாஸா பாருப்பான்னு கேக்கறாங்க. நம்ம நம்பர் அவனுக்கும் தெரிஞ்சு போவுது, அவன் சொல்றதை நம்பியும் ஆகணும். நான் முழு போர்டையும் ஒரு காப்பி எடுத்து வீட்ல வச்சிருக்கேன். என் விரலை வச்சு நானே தேடிப் பாத்துக்குவேன். அதுக்குப் பேரு பிளாக் எக்ஸ்ப்ளோரர்."

"உங்க நம்பர் அதுல எத்தனை இருக்குது?"

"ஒண்ணு ரெண்டு."

"அதுக்கா முழு போர்டு?"

லீலாவும் என் வீட்டுக்காரரும் ஒரே கட்சி.

பாடநூலில் இருப்பதை ஆய்வகத்தில் செய்து பார்க்காமல் நம்ப வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கினேன். ரிடையர் ஆனதும் அந்தப் பழக்கம் எங்கே போகும்.

மதியம் பிரியாணி, கத்திரிக்காய். நல்ல தூக்கம். மாலை இடி மட்டும். பிளாக்குகள் முக்கால்வாசி வந்துவிட்டன.

ஜூலை 14, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. பின்னாலேயே பக்கத்து வீட்டு ரெஹானா.

"டீச்சர், இவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. உங்ககிட்ட சொல்ல வெக்கப்படறாரு. நீங்க கூப்பிட்டா வருவாரு."

அவள் கணவர் ஷகீல் பாய் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே மறுபடியும். கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் ஷூ கம்பெனிகளுக்குப் பேட்டர்ன் போடுபவர். தோலை எந்த வடிவத்தில் வெட்டினால் ஷூவின் மேல்பாகம் வரும் என்று வீட்டிலேயே லேப்டாப்பில் வரைந்து, அட்டையில் வெட்டிக் கொடுப்பார். கை சுத்தம் என்று பெயர்.

விஷயம் இது. பின்பக்கம் தையலே இல்லாமல் ஒரே துண்டுத் தோலில் வரும் ஒரு ஷூ. அவர் போட்ட டிசைன். மே மாதம் பேரணாம்பட்டில் ஒரு சின்ன பாக்டரிக்குக் கொடுத்தார். அதை இங்கே அவர் அதிகம் வேலை செய்யும் கம்பெனியின் மேனேஜர் பார்த்துவிட்டார். எங்கள் டிசைனர் ஏப்ரலில் வரைந்தது இதுதான், நீ மாதிரி ஷூ தைக்கும் எங்கள் சாம்பிள் ரூமுக்கு வந்து போகிறவன், பார்த்து எடுத்து வெளியே விற்றுவிட்டாய் என்கிறார்.

"நான் பிப்ரவரிலயே போட்டது டீச்சர். அவங்க ரூம்ல நான் எதையும் பாக்கல."

"அதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லாரும் அப்டிதான் பாய் சொல்வாங்கன்றாரு. வியாழக்கிழமை வா, முடிவு சொல்றேன்னாரு. அதுக்குள்ள சாம்பிள் ரூம்ல பேச்சு ஆரம்பிச்சுடுச்சு. நேத்து டீக்கடைல ஒருத்தன் என்னைப் பாத்ததும் போனைக் கவுத்து வச்சான். பாய் டிசைனை எடுத்துடுவாருன்னான். தமாஷாத்தான் சொன்னான்."

தமாஷ் என்று அவரே சொன்னார். ரெஹானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வராத மாடலை நம்பிக் கொடுக்கலாம் என்பதுதான் ஒரு பேட்டர்ன் மாஸ்டரின் மூலதனம். இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் ஒருநாள் மாலை, என் எக்ஸ்ப்ளோரர் புதிதாக ஓட ஆரம்பித்ததைப் பார்க்க வந்திருந்தார். அந்த போர்டில் காசு அனுப்புவதைத் தவிர ஒரு சின்ன வரியும் எழுதிவைக்கலாம் என்று காட்டினேன். கம்ப்யூட்டர் கோப்பு ஒன்றை அதற்கான நிரலில் கொடுத்தால் அதன் கைரேகை போல ஒரு நீளமான எழுத்து வரிசை வரும். அந்த வரிசையிலிருந்து கோப்பை வரைந்துவிட முடியாது. ஆனால் கோப்பு கையில் இருந்தால், அன்றைக்கே இது இருந்தது என்று காட்டலாம். "நம்ம டிசைனுக்கு ஒண்ணு போடுங்க பாப்போம்" என்றார். போட்டோம். விளையாட்டுத்தான். இந்த ஷூதான்.

மேசைக் காலண்டரில் அந்தத் தேதியில் பரிவர்த்தனை எண் குறித்திருந்தேன். தேடு பெட்டியில் அடித்தேன். வந்தது. பிளாக், தேதி, அந்த வரிசை, எல்லாம். பிப்ரவரி. இறுகியிருந்த அவருடைய தோள் இறங்கியது.

"கவலையே வேணாம் ரெஹானா, ஒட்டின தாள் ஒட்டினபடி இருக்குது" என்று சொல்லி அனுப்பினேன். நாளைக்குக் கோப்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

இரவு வீட்டுக்காரருக்குக் கோதுமை உப்புமா. எனக்கு மோர்.

ஜூலை 15, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு, மதியம்வரை கரண்ட் இல்லை. துணி துவைத்தேன். வெயில் இல்லை, காயவும் இல்லை.

கரண்ட் வந்ததும் பாய் லேப்டாப்போடு வந்தார். கோப்பைக் கொடுத்தார். கைரேகை எடுத்தேன். போர்டில் இருப்பதோடு வைத்துப் பார்த்தேன்.

பொருந்தவில்லை. முதல் எழுத்தே வேறு.

மறுபடி. அதே.

"பாய், இது அன்னைக்குக் குடுத்த ஃபைல்தானா?"

"அதேதான். அப்புறம் கொஞ்சம் திருத்தினேன். சாம்பிள் மாட்டிப் பாத்தப்போ மடிப்பு விழுந்துச்சு. கணுக்கால்கிட்ட ரெண்டு மில்லி ஏத்தினேன்."

"திருத்தாதது எங்க?"

"அழிச்சுட்டேனே."

அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு பேட்டர்ன் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது டீச்சர். பழசும் புதுசும் பக்கத்துல இருந்தா கட்டிங்காரன் கை எதை எடுக்கும்னு சொல்ல முடியாது. பழசை வச்சு வெட்டிட்டான்னா அந்தத் தோலே போச்சு. அதனால திருத்தின அடுத்த நிமிஷம் பழசைக் கிழிச்சுடணும். எங்க உஸ்தாத் அட்டையைக் கிழிக்காதவனைத் தொழில்லயே சேக்க மாட்டாரு. கம்ப்யூட்டர் வந்தப்புறமும் கை அப்டியே போய்டுது."

அந்த ரெண்டு மில்லியைத் திருப்பி இறக்கிச் சேமித்துக் கொடுத்தார். பொருந்தவில்லை. பொருந்தாது. ஒரே விடையை இரண்டு பிள்ளைகள் எழுதுவது போல. விடை ஒன்றுதான், தாள் வேறு. கோப்புக்குள்ளே சேமித்த நேரம்கூட உட்கார்ந்திருக்கும். அதைச் சொன்னேன். தலையாட்டினார். இறக்கிய கோட்டை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார், பழக்கத்தில்.

என் பங்கும் இருக்கிறது. பிப்ரவரியில் அவரே கேட்டார், "நீங்களும் ஒரு காப்பி வச்சுக்கோங்களேன் டீச்சர்" என்று. மறுத்துவிட்டேன். அடுத்தவர் டிசைன் என் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது என்று. அதில் ஒரு பெருமை வேறு. அவர் தொழில் ஒழுங்கு, என் ஒழுங்கு, இரண்டும் சேர்ந்து கோப்பைக் காணாமல் அடித்துவிட்டன. போர்டில் கைரேகை மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆளைக் காணோம்.

நேற்று ரெஹானாவிடம் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் படியிறங்கும்போது கேட்டேன், திருத்துவதற்கு முன்னால் யாருக்காவது அனுப்பினீர்களா என்று. நின்று யோசித்தார்.

"டை வெட்ட அனுப்பினேன். போட்ட மறுநாளே. வாணியம்பாடி கோவிந்தனுக்கு."

தோலைக் குத்தி வெட்டும் இரும்பு அச்சு செய்பவர் அந்தக் கோவிந்தன். உடனே போன் போடச் சொன்னேன். கோவிந்தன், "இருக்கும் பாய், தொறந்து பாத்துச் சொல்றேன்" என்றது எனக்கே கேட்டது. போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "வேணாம்ங்க. தொறக்காதீங்க. தொடவே தொடாதீங்க. நாளைக்கு நாங்களே வர்றோம்."

"யாரும்மா நீங்க?"

"டீச்சர்."

"சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது.

ஜூலை 16, புதன்

பாயோடு வாணியம்பாடிக்குப் பஸ்ஸில். வீட்டுக்காரரும் வந்தார், "போலீஸ் வேலைக்கு நானும் வர்றேன்" என்று. பென்டிரைவில் கைரேகை நிரல், ஒரு தாளில் போர்டில் இருந்த வரிசை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

வழியில் பாயிடம் ஒன்று கேட்டேன். அச்சு வெட்ட அனுப்பிய வாட்ஸாப் செய்தியிலேயே பிப்ரவரித் தேதி இருக்குமே, அதைக் காட்டினால் போதாதா?

"அவன் என் தோஸ்த்து டீச்சர். தோஸ்த்தோட போனைக் காட்டினா மேனேஜர் சிரிப்பாரு."

கோவிந்தன் பட்டறை ஒரு சந்துக்குள். இரும்புப் பட்டையை வளைக்கும் சத்தம். மூலையில் தூசி படிந்த கம்ப்யூட்டர். அதில் திரை முழுக்க கோப்புகள், ஒன்றின்மேல் ஒன்று: ஷகீல் பாய், ஷகீல் பாய் புதுசு, ஷகீல் பாய் ஓகே, ஷகீல் பாய் இதுதான், ஷகீல் பாய் கடைசி.

வீட்டுக்காரர்: "இன்னாபா, ஒண்ணக்கூட அழிக்கலயா?"

கோவிந்தன்: "எதுக்குங்க அழிக்கணும்? ஆறு மாசம் கழிச்சு வந்து, நீதான் தப்பா வெட்டினேன்னு இவரே என்னை மாட்டி விடுவாரு. நீ அனுப்பினது இது, நான் வெட்டினது இதுன்னு மூஞ்சில காட்டணும் இல்ல?"

பாய்: "நான் எப்படா உன்னை மாட்டி விட்டேன்?"

"விடல. வச்சிருந்ததால விடல."

மூன்று நாளில் முதல்முறையாகப் பாய் சிரித்தார்.

பேர்களை நம்பாமல் வாட்ஸாப்பில் பிப்ரவரிக்குப் போய், வந்த கோப்பை அப்படியே இறக்கினேன். திறக்கவில்லை. நிரலில் கொடுத்தேன். எழுத்து எழுத்தாகப் பாய் தாளிலிருந்து வாசித்தார், நான் திரையைப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, தாளை நீட்டினார். வீட்டுக்காரர் தாளை வாங்கி மீதியை வாசித்தார்.

பொருந்தியது. கடைசி எழுத்துவரை.

கோவிந்தன் டீ சொன்னார். பட்டறைச் சத்தத்தில் டீ குடித்தோம். கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, அதை என் பைக்குள் சின்னப் பர்ஸில் போட்டேன். பாய் வழியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாளைக்கு என்னையும் வரச் சொல்கிறார். துவைத்த புடவை ஒன்று இஸ்திரி போட வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

காலை லேசான தூறல். கம்பெனி வாசலில் பெயர் எழுதி, பையைக் காட்டி, உள்ளே.

மேனேஜருக்கு நாற்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க யாரும்மா?"

"அடுத்த வீடு. ரிடையர்டு டீச்சர்."

என் எக்ஸ்ப்ளோரரில் இருந்து அச்சடித்த தாளை வைத்தேன். ரிசல்ட் போர்டு உதாரணத்தைச் சொன்னேன். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்பது போல.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இது உங்க வீட்டு கம்ப்யூட்டர். உங்க வீட்டு பிரிண்டர். அதுல நீங்க இன்னா வேணா அடிச்சு எடுத்துட்டு வரலாமே. அதை நான் எப்டி நம்பறது?"

பாய் முகம் கறுத்தது. எனக்கு மகிழ்ச்சி. வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வருடத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். என் காப்பி என் சந்தேகத்தைத் தீர்க்க மட்டும். அவர் சந்தேகத்துக்கு அவரேதான் பார்க்க வேண்டும்.

"நம்பாதீங்க சார். அதுதான் சரி. இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுடுங்க. இதே போர்டு உலகம் முழுக்க நிறைய பேர்கிட்ட இருக்குது. உங்க ஆளை விட்டு உங்க கம்ப்யூட்டர்ல எந்த சைட்ல வேணா தேடச் சொல்லுங்க. நான் தள்ளி ஒக்காந்துக்கறேன்."

கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணை வரச் சொன்னார். நான் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அவள் ஒரு சைட்டில் தேடினாள், இன்னொன்றிலும். பிப்ரவரி, அதே வரிசை. கோப்பு இருந்த பென்டிரைவைக் கொடுத்து, கைரேகை நிரல் என்னுடையது வேண்டாம், உங்களிடம் இருப்பதையே போடுங்கள் என்றேன். போட்டாள். இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சார், மேட்ச் ஆவுது."

"முழுசாவா?"

"முழுசா சார்."

கோப்பைத் திறக்கச் சொன்னார். திரையில் அந்த வடிவம், பின் தையல் இல்லாமல் ஒரே துண்டு. தொழில் தெரிந்தவர், பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தார்.

நான் ஒன்றைச் சொல்லிவிட்டேன், சொல்லாமல் விடுவது சரியில்லை. "இது பாய்தான் முதல்ல யோசிச்சாருன்னு சொல்லாது சார். பிப்ரவரில இது இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். உங்க டிசைனரும் தானா யோசிச்சிருக்கலாம்."

"அவரு லீவுல இருக்காரு" என்றார். பாய் பக்கம் திரும்பினார். "சரி பாய். முடிஞ்சுது. மனசுல வச்சுக்காதீங்க. வேலை எப்பவும் போல வரும்."

எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பாய் எழவில்லை.

"சார், நீங்க ரூம்ல சொல்றீங்க. அவங்க வெளில பேசறாங்க. சாம்பிள் ரூம்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் சொல்லி அனுப்பறேன் பாய்."

"அனுப்ப வேணாம் சார். வாங்க."

கொஞ்சம் யோசித்தார். வந்தார். நானும் பின்னால் போய்க் கதவருகே நின்றேன். நீள அறை. பெண்களும் ஆண்களுமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். தோல் ஓரம் சீவும் மெஷின் கதவுப் பக்கமே, பெரிய சத்தம். மேனேஜர் அந்தச் சத்தத்துக்குள் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது. ஓரிருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அவர் திரும்பினார்.

ஷகீல் பாய் நடந்து போய், சீவும் மெஷினின் ஸ்விட்சை அணைத்தார். மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, இன்றும் உயர்த்தவில்லை.

"சார், கேக்கல போல. இன்னொரு தடவை."

மேனேஜர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். "அந்த டிசைன் பாயோடது. பிப்ரவரிலயே போட்டிருக்காரு. நான்தான் தப்பா சொல்லிட்டேன். இனிமே யாரும் அதைப் பேச வேணாம்."

அறை முழுக்கக் கேட்டது. பிறகு சீவும் மெஷினில் இருந்த அம்மாள், கையில் தோலோடு:

"சரி பாய், ஸ்விட்சைப் போடு. டார்கெட்டு இருக்குது."

போட்டார்.